வலது பக்கத்து ஸ்பீக்கர்கள்

அர்ஜுனன் தேயிலை ஆலையில் இலை உருட்டும் எந்திரங்களுக்கு நடுவே நின்றே நாற்பது வயதைத் தாண்டியவன். அந்த இரைச்சலில் யாரும் பேச மாட்டார்கள், கத்துவார்கள். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கத்தித்தான் பேசினான். அதை முன்கோபம் என்றே நினைத்திருந்தாள் அவன் மனைவி இராசம்மா.

அவனுக்குப் பாட்டென்றால் உயிர். எழுபத்தெட்டாம் ஆண்டு, பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் தன் நடனக்கூடத்தை மூடியபோது அங்கிருந்த ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபையர், நாலு ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டான். ஆலையில் கூட வேலை பார்த்த சின்னக்கருப்பன்தான் ஒரு காய்கறி லோரியைப் பிடித்துக் கொண்டுவந்து, மேட்டில் தோள் கொடுத்துச் சுமந்து இறக்கினான்.

“என்னாண்ணே இது, வீட்டுக்குள்ள படக்கொட்டகை போடப் போறியா?”

“நடுவுல உக்காந்தா நாலு பக்கமும் பாட்டு சுத்தி வரும்டா. பாரு!”

ஞாயிற்றுக்கிழமை, சின்னக்கருப்பன் போன பிறகு, இணைக்க உட்கார்ந்தான். பிளேயரின் சிவப்பு முனையையும் வெள்ளை முனையையும் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் செருகினான். ஸ்பீக்கர் வயர்களின் நுனியைப் பல்லால் உரித்து, இடப்பக்கத்துப் பெட்டிகளை இடது முனையிலும் வலப்பக்கத்துப் பெட்டிகளை வலது முனையிலும் முறுக்கினான். முன்னால் இரண்டு பெட்டி, பின்னால் இரண்டு, நடுவே ஒரு நாற்காலி. ரெக்கார்டு மேல் ஊசியை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இடப்பக்கம் மட்டும் பாடியது. வலப்பக்கம் இரண்டும் ஊமை.

வயரை மறுபடி முறுக்கினான். சத்தத்தைக் கூட்டினான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது.

“ஏமாத்திட்டானுங்க. ரெண்டு பொட்டி செத்துப் போனது.”

அடுப்படியிலிருந்து வந்த இராசம்மா வாசற்படியில் நின்றாள். “நாலும் பாடுதுங்களே.”

“உனக்கு என்ன தெரியும்!”

ஆத்திரத்தோடு நாற்காலியை ஒரே திருப்பாகத் திருப்பிப் போட்டு, பின்பெட்டிகளைப் பார்த்து உட்கார்ந்தான். ஊமையாய்க் கிடந்த பெட்டிகள் பாடின. அதுவரை பாடியவை அடங்கிவிட்டன.

மறுபடி திரும்பி உட்கார்ந்தான். பிறகு இடது காதை உள்ளங்கையால் அடைத்தான். ரெக்கார்டு சுழல்வது தெரிந்தது, இராசம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. வேறொன்றுமில்லை.

கையை எடுத்தபோது அவள் அருகில் வந்திருந்தாள். “காது கேக்கலன்னு ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிருங்க” என்றாள்.

“சொன்னா வெளிக்காட்டுக்கு அனுப்பிருவான். புல்லு வெட்டச் சொல்லுவான், மருந்தடிக்கச் சொல்லுவான். இன்னொரு காது இருக்குல்ல, பாத்துக்கலாம்.”

அதன்பின் யார் பேசினாலும் இடது காதைக் கொடுத்து நிற்கப் பழகிக்கொண்டான். சின்னக்கருப்பனிடம்கூட அவன் சொல்லவில்லை. ஸ்பீக்கர்களைப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டான்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், ஒரு காலைப் பொழுதில் அது நடந்தது. அர்ஜுனன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று இலையின் பதம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில், எந்திரத்துக்குள் இலை தள்ளிக்கொண்டிருந்த சின்னக்கருப்பனின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. அவன் அலறினான். “நிறுத்துண்ணே, நிறுத்துண்ணே!” ஆலையின் அந்தக் கோடியில் இருந்த நல்லுசாமிக்கு அது கேட்டது. நல்லுசாமி ஓடி வந்து அர்ஜுனனை இடித்துத் தள்ளி சுவிட்சை அணைத்தபோதுதான் அர்ஜுனன் திரும்பிப் பார்த்தான். கையில் இன்னும் இலை இருந்தது.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் சின்னக்கருப்பனின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்தை நிர்வகித்த துரை விசாரணை வைத்தார். அதற்கு முன் கிராணி சிவசாமி அர்ஜுனனைத் தனியே அழைத்தார். “எந்திர சத்தத்துல கேக்கலன்னு சொல்லிட்டுப் போயிருய்யா. யாரு உன்னைக் கேக்கப் போறா?”

உள்ளே போன அர்ஜுனன், “எனக்கு வலது காது கேக்காதுங்க. தெரிஞ்சேதான் நின்னேன்” என்றான்.

சின்னக்கருப்பனுக்கு நியாயம் கிடைக்கும் என்று நம்பித்தான் சொன்னான். நடந்தது வேறு. ஆள்மேல்தான் தப்பு, எந்திரத்தின்மேல் இல்லை என்று துரை முடித்துவிட்டார். கை போகும் வாயில் ஒரு தடுப்புத் தகடு இல்லாதது பேச்சிலேயே வரவில்லை. அந்தக் காது எந்த இரைச்சலில் போனது என்றும் ஒருவரும் கேட்கவில்லை. அர்ஜுனன் வெளிக்காட்டுக்குப் போனான். தோட்டத்தில் வேலையில்லை என்று சொல்லப்பட்ட சின்னக்கருப்பன், மனைவி காளியம்மாவோடு திரிங்காப்புக்குப் போய் முட்டைக்கோஸ் தோட்டத்தில் சேர்ந்தான்.

அவர்கள் புறப்பட்ட அன்று அர்ஜுனன் சாமான் தூக்கப் போனான். காளியம்மா அவன் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தெரிஞ்சு நின்னியாண்ணே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு வேற ஆளுகூட நின்னுருப்பாருல்ல?”

சின்னக்கருப்பன்தான், “விடுலா, லோரி நிக்குது” என்றான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அர்ஜுனன் திரிங்காப்புக்குப் போனான். ஒற்றைக் கையால் ஆகாத வேலைகளைச் செய்தான்: கோஸ் வெட்டினான், கூடை கட்டினான், லோரியில் ஏற்றினான். சின்னக்கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். உச்சிவேளையில் காளியம்மா சோற்றுத் தட்டை வரப்பில் வைத்துவிட்டுப் போவாள். அர்ஜுனனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எண்பத்தாறில் நெஞ்சு வலி கண்டு அர்ஜுனன் சாகும்வரை அவள் பேசவேயில்லை. எழவு வீட்டுக்கு வந்தாள். இராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டியை எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.