தங்க ரேக்கு ஒட்டிய அப்பா

பணம் வந்துவிட்டால் சிலருக்கு உடனே ஒரு பரம்பரையும் வேண்டியிருக்கிறது. துபாயில் அதையும் ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள்.

அங்கே சத்வா பகுதியில் நான் ஜரிகை வேலை பார்க்கும் தையல் கடைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா சவூதியில் யான்புவில் பைப் ஃபிட்டராக இருந்து அங்கேயே இறந்துபோனவர். வீட்டில் மிஞ்சியது பாஸ்போர்ட்டில் ஒட்டிய முகம்தான். அதைப் பெரிதாக்கி மாட்டித் தரும்படி அம்மா கேட்டிருக்கிறார், கும்பிடுவதற்கு. நியாயமான ஆசை. மகனோ அப்பாவை ஜமீன்தாராக்கி ஆளுயரத்துக்கு வரையச் சொல்லிவிட்டார். அதற்கு எங்களிடம் வெல்வெட் கோட்டு தைக்க ஆர்டர்.

ஓவியர் வெள்ளைக்காரர். நீல வண்ணத்துக்கு விலையுயர்ந்த கல்லை அரைத்தார்கள், பித்தான்களுக்கு அசல் தங்க ரேக்கு ஒட்டினார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க ஓர் உடம்பு வேண்டுமே! தைத்த என்னையே பிடித்துக்கொண்டார்கள். என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கைத்தடியைப் பிடித்தபடி நின்றே தொலைத்தேன்.

"கொஞ்சம் உக்காந்துக்கிறேண்ணே" என்றால், "ஜமீன்தாரு உக்காருவாராய்யா? கம்பீரமா நில்லு" என்பார் காண்ட்ராக்டர். ஜமீன்தார்கள் காலமெல்லாம் உட்கார்ந்தே தின்றவர்கள் என்பதை அவருக்கு யார் சொல்வது?

அவருடைய அம்மா விசிட் விசாவில் வந்து இறங்கினார். படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். அதை மாட்ட நானும் காண்ட்ராக்டரின் வில்லாவுக்குப் போயிருந்தேன். படத்திலிருந்த முகத்தை அம்மா அதிக நேரம் பார்க்கவில்லை. கைத்தடி மேல் இருந்த கையைத்தான், அதாவது என் கையைத்தான், உற்றுப் பார்த்தார்.

"இது யாரு கைப்பா?"

"அப்பா கைதாம்மா."

"அவுகளுக்கு ரெண்டு வெரலு பைப்புக்கு அடியில நசுங்கிப் போச்சேடா. லீவுல வந்தப்ப அந்தக் கையாலதான உனக்குச் சோறு ஊட்டுனாக?"

"தெரியும்மா. அதையெல்லாம் வரைஞ்சா வர்றவுக என்ன நெனப்பாக?"

ஆக, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. மறந்துவிட்டான் என்றாவது நினைத்திருப்பேன்.

அம்மா அழவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். அதைத் திரும்ப மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"இந்த ஜமீன்தாருக்கு நான் பொண்டாட்டி இல்லப்பா. எனக்கு ஊருக்கு டிக்கெட்டுப் போடு."