நாலு பேர் அறுத்த திருவாசி

மரத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் நாலு பேர் இருந்தோம். நானும் ஒருத்தன். மற்றவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. என்னைப் பற்றி அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. தியாகதுருகம் ரோட்டில் கடை. ஒரு நாள் உரக்கடைக்காரர் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டார் எரிந்திருந்தது. தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குகிற மாதிரி அதில் நூல் கனத்தில் ஒரு பிளேடு ஏறி இறங்கும். பலகையைக் கையால் திருப்பிக் கொடுத்தால் பூவோ கொடியோ எப்படி வேண்டுமானாலும் வளைத்து அறுக்கலாம். ஸ்க்ரோல் சா என்றார். வெளிநாட்டுச் சரக்கு என்றார். எரிந்தால் எல்லாச் சரக்கும் ஒரே நாற்றம்தான்.

காயில் கட்டி முடித்து, ஓடுகிறதா என்று பார்க்க ஆப்பிள் பெட்டிப் பலகை ஒன்றை வைத்து அறுத்தேன். ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடை சாத்துகிறவரை அறுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பழைய மோட்டாரை வைத்து எனக்கென்று ஒரு மெஷின் கட்டிக்கொண்டேன். சட்டம் பற்ற வைத்த வெல்டிங் கடைக்காரன் இது எதற்கு என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பாவமாகப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் கடையில் கூடுவோம். உரக்கடைக்காரர்தான் தலைவர். யாரும் வைக்கவில்லை, அவராக இருந்தார். நெல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்து கேட்டு வருகிறவனை நிற்க வைத்து, பிளேடுக்கு எத்தனை பல் இருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார். எங்கள் எல்லோருக்கும் பச்சை டீசர்ட் அடித்துக் கொடுத்தார். முதுகில் படம் போட அச்சுக்காரனிடம் எங்கள் மெஷின் படம் இல்லை. இருந்ததைப் போட்டுவிட்டான். இரண்டு பேர் இழுக்கிற பெரிய ரம்பம். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் புளியமரம் வெட்டக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது ஆள் திருக்கோவிலூரில் இருந்து வருகிற ரிட்டயர்ட் கண்டக்டர். பிள்ளையார் தவிர வேறு எதுவும் அறுக்க மாட்டார். சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாவற்றுக்கும் ஒரு பிள்ளையார் கொடுப்பார். வாங்கினவர்கள் வைத்துக்கொள்ள இடமில்லாமல் அடுத்த விசேஷத்துக்கு அதையே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒன்று அப்படியே சுற்றி அவர் பேத்தி காதுகுத்துக்கு வந்து சேர்ந்தது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு அறுத்தது, தும்பிக்கை சரியில்லையே" என்றாராம். இதை அவர் சம்சாரம்தான் எங்களிடம் சொன்னது.

மூன்றாவது ஆள் ஜீப் டிரைவர். கல்வராயன் மலைக்காரன். கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைப் பக்கம் ஆள் ஏற்றுவான். ஜீப்பைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன், நான் அறுப்பதைப் பார்த்தான். அடுத்த ஞாயிறு மோட்டார் எதுவும் இல்லாமல் சும்மா வந்தான். அவனிடம் மெஷின் கிடையாது. என்னுடையதில் அறுப்பான். மலை முழுக்க மரத்தை வைத்துக்கொண்டு, கீழே இறங்கி வந்து ப்ளைவுட் துண்டு பொறுக்கினான். எங்களுக்குச் சரியான ஜோடிதான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. முடியாத வேலையை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. ஆரம்பத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தோம். உரக்கடைக்காரர் பாதி அறுத்த மயிலைக் கொண்டுவந்தபோது, கோழியா என்று கண்டக்டர் கேட்டுவிட்டார். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. மெஷின் ஓட்டத் தெரியாதவன்கூட அந்தச் சட்டத்தை மதித்திருப்பான். அவ்வளவு சௌகரியம்.

ஒரு ஞாயிறு டிரைவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். எதையும் அறுக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னான்.

"ஆடித் திருநாளுக்கு இந்த வாட்டி அம்மனுக்கு அலங்காரம் எங்க வூட்டு முறைண்ணா. பழைய திருவாசி தகரம். துரு புடிச்சிப் பூட்சி. நான் மரத்துல செஞ்சி கொண்டாறன்னு ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சி சொல்ட்டேன்."

"எதுக்குச் சொன்ன?"

"கீழயே ஜீப்பு ஓட்டிக்கினு கெடக்கறவனுக்கு மலையில இன்னாடா முறைன்னு பங்காளி கேட்டான். வாயில வந்துட்சி."

திருவாசி என்றால் சாமிக்குப் பின்னால் நிற்கிற வளைவு. அது நிற்காவிட்டால் அவன் வீட்டு முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். கையை விட்டுப் போன முறை திரும்பி வராது. முறை இல்லாத வீட்டை ஊர்க்கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வரி மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அவன் அப்பன் இருந்த இடத்தில் அவன் இல்லாமல் போவான். இதை எல்லாம் ஜீப்புக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் நம் வேலைப்பாட்டை ஊர் பார்க்கவில்லை, இனி பார்க்கும் என்றார். டிரைவரின் சங்கடம் அவர் காதில் எந்த அளவுக்கு விழுந்தது என்று தெரியவில்லை. போனில் தேடி ஒரு படம் எடுத்தார். உச்சியில் யாளி முகம். இரண்டு பக்கமும் கொடி ஓடுகிற வளைவு. வளைவுக்கு வெளியே வரிசையாகத் தீச்சுடர். தேக்கில்தான் செய்ய வேண்டும் என்றார். உயரம் நாலடி.

யாளியை எல்லோரும் கேட்டார்கள். தலைவர் தலைவர் என்பதால் கேட்டார். கண்டக்டர் வயசை வைத்துக் கேட்டார். கடைசியில் பிளேடை ஒடித்துச் சீட்டு மாதிரி எடுத்தோம். யாளி எனக்கு விழுந்தது. விழுந்ததும், யாளியில் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். இடது பக்க வளைவு கண்டக்டருக்கு, வலது பக்கம் தலைவருக்கு. சுடரை யாரும் கேட்கவில்லை. அதை டிரைவர் எடுத்துக்கொண்டான்.

படத்தைத் தாளில் அச்சடித்துப் பலகை மேல் ஒட்டி, கோட்டிலேயே அறுக்க வேண்டும். ஒரே கடையில் அடித்துப் பங்கு போட்டிருக்கலாம். தலைவர் அடித்துக் கொடுக்கிற தாளை வாங்கினால் தலைவருக்குக் கீழே என்று ஆகிவிடும். அதனால் கண்டக்டர் திருக்கோவிலூரில் அடித்தார். தலைவர் கள்ளக்குறிச்சியில் அடித்தார். என் வீடு வடக்கனந்தலில். நான் அங்கே அடித்தேன். கடைக்காரனிடம் மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறோம். நாலடிக்குப் பெரிதாக்கு.

அறுக்கிற வேலை லேசில்லை. கொடிக்கு நடுவில் வருகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் முதலில் டிரில்லில் துளை போட வேண்டும். பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, முறுக்கி, அறுக்க வேண்டும். அப்புறம் அடுத்த ஓட்டை. முறுக்கு ஜாஸ்தியானால் பிளேடு அறும். கம்மியானால் கோடு ஓடும். யாளியின் பல் வரிசையை முடிப்பதற்குள் என் பல் கூசியது. அதையும் ஒருத்தன் ஆசைப்பட்டுச் செய்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது.

டிரைவர் ட்ரிப்புக்கு நடுவில் வருவான். பலகையை மூன்று மூன்றாக டேப் போட்டு ஒட்டி ஒரே அறுப்பில் அறுத்தான். கோணல் வந்தால் மூன்றும் ஒரே கோணலாக வந்தன. கடை வாசலில் ஜீப் நிற்கும். ஜீப்பில் ஆள் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை சந்தைப் பையோடு ஒரு அம்மா இறங்கி உள்ளேயே வந்துவிட்டது.

"யப்பா, இங்க இன்னா பண்ற? மேல எனக்கு மாடு கத்திக்கினு இருக்குது. வண்டிய எடு."

"இதோ, இந்த ஒண்ணு."

"நீ எதன்னா அறு. மொதல்ல என்னக் கொண்டுபோயி வுட்டுட்டு அறு."

திருநாள் அன்றைக்குக் காலையில் ஜீப்பில் ஏறினோம். சட்டப்படி அவரவர் பாகம் அவரவர் போர்வையில் சுற்றி இருந்தது. தலைவரும் கண்டக்டரும் கொண்டை ஊசி வளைவு முழுக்கப் போர்வையைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தார்கள். கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. அங்கேதான் முதல் தடவையாகப் பிரித்தோம். ஜனத்துக்கு முன்னால் பிரிக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை.

பிரித்து நிறுத்தினோம். இடது பக்கம் கட்டையாக இருந்தது. வலது பக்கம் ஒரு சாண் உசந்து நின்றது. என் யாளி இரண்டில் எதன்மேலும் உட்காரவில்லை.

டேப் வைத்துப் பார்த்தார்கள். அவரவர் கணக்குப்படி இரண்டும் நாலடிதான். கண்டக்டர் சுடர் நுனியோடு சேர்த்து நாலடி வைத்திருந்தார். தலைவர் சுடர் இல்லாமல் வளைவு மட்டும் நாலடி. நான் யாளியின் கொம்பையும் கணக்கில் சேர்த்திருந்தேன். நாலடி என்று பேசியிருந்தோம். எதிலிருந்து எதுவரை என்று பேசவில்லை. மூன்று பேர் அளவும் சரி. திருவாசிதான் தப்பு.

பங்காளி பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தான்.

"இன்னாபா, சாமிக்கு நொண்டிக் காலுல திருவாசி கொண்டாந்துகிற? கீழ எல்லாம் இதான் பேசனா?"

நாலு பேர் சிரித்தார்கள். சேலத்தில் பைபரில் நல்லதாக விற்கிறார்கள், சொன்னால் வண்டி வைத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறேன் என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னான். ஊருக்குப் பெரியவர் அவர். அவர் பங்காளியைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தார்.

"சாமி பொறப்படறதுக்குள்ள நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்ங்க" என்றான்.

இங்கே தலைவரும் கண்டக்டரும் எது சரியான நாலடி என்று சண்டையில் இருந்தார்கள். தலைவர் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார். இதை இப்படியே வைத்தால் நமக்குத்தான் கேவலம், கீழே கொண்டுபோய்ச் சரியாக அறுத்து அடுத்த வாரம் கொண்டுவரலாம் என்றார். அடுத்த வாரம் அந்தத் திருவாசிக்கு முன்னால் சாமி இருக்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. கண்டக்டருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வலது பக்கத்தை மறுபடி அறுக்கச் சொல்லலாம் இல்லையா.

டிரைவர் கல் தேடப் போனான். ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, சாமி புறப்படுகிற சப்பரத்தில் கண்டக்டர் பாகத்துக்கு அடியில் வைத்தான். பின்னால் சப்பரத்தோடு சேர்த்து இரண்டு மூங்கிலை நிறுத்தி, ஜீப்பில் இருந்த கிளட்ச் கம்பியால் வளைவுகளை இழுத்துக் கட்டினான். குறுக்கே ஒரு மூங்கில் போட்டு யாளியை அதில் தொங்கவிட்டான். இடைவெளியில் மிச்சமிருந்த சுடரை எல்லாம் வைத்து ஆணி அடித்தான்.

"ஐயோ, ஆணி வேணாம்பா, தேக்கு வெடிச்சிடும்" என்றார் கண்டக்டர்.

வெடித்தது. அவன் அடுத்த ஆணியை எடுத்தான். என் யாளியின் காதில் ஒரு ஆணி இறங்கியது. அந்தக் காதுக்கு உப்புத்தாள் போட்டே என் விரல் தேய்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அதற்குள் பூக்கூடைகள் வந்துவிட்டன. பூசாரி அடியில் இருந்து ஆரம்பித்தார். முதலில் வேப்பிலை. அதன்மேல் அரளி. அதன்மேல் சாமந்தி. கல் மறைந்தது. கம்பி மறைந்தது. கொடி, இலை, ஓட்டை எல்லாம் மறைந்தன. தலைவர் பதறிப் போனார். வலது பக்கம் கொஞ்சம் பூவைக் குறைத்தால் வேலைப்பாடு தெரியும் என்றார்.

"பூ கம்மியா இருந்தா ஊர்ல என்னைத்தாங்க கேப்பாங்க" என்றார் பூசாரி. சொல்லிக்கொண்டே யாளி முகத்துக்கு நேராக ஒரு மாலையைப் போட்டார்.

முடிந்தபோது மஞ்சளாக ஒரு வளைவு நின்றது. அதற்குள் மரம் இருக்கிறதா தகரம் இருக்கிறதா என்று எந்த மனுசனும் சொல்ல முடியாது. ஊர்க்கவுண்டர் வந்து ஒரு கையால் பிடித்து ஆட்டினார். நின்றது. இன்னொரு தடவை பலமாக ஆட்டினார். நின்றது.

"கனம் ஜாஸ்தியா இருக்கும்போல. தூக்க ஆளு போடணும்" என்றார். பங்காளியைத் திரும்பிப் பார்த்து, "நீ ஒரு பக்கம் புடி" என்றார்.

பங்காளி பிடித்தான். வேறு என்ன செய்வான்.

டிரைவர் தலையில் மஞ்சள் துணியைக் கட்டினார்கள். முறைக்காரன் திருநாள் முடிகிறவரை ஊரை விட்டு இறங்கக் கூடாதாம். எங்களைக் கீழே கொண்டுபோக அவன் வரமாட்டான் என்று ஒரு பையன் வந்து சொன்னான். அவனே வந்து சொல்ல நேரமில்லை. சாமிக்கு முன்னால், அவன் அப்பன் நின்ற இடம் என்று காட்டினார்கள், அங்கே நின்றுகொண்டிருந்தான். மேளம் அடித்தார்கள். கூட்டம் எங்களை ஓரமாகத் தள்ளியது.

பஸ்ஸுக்கு ரோட்டுக்கு நடந்தோம். தலைவர் கோயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் என்னைக் கேட்டார்.

"நம்மளப் பத்தி ஒரு வார்த்த சொன்னானா, பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"எவ்ளோ வேல செஞ்சி குடுத்தோம்."

பூ எப்போது எடுப்பார்கள் என்று அவர் எதிரே வந்தவனை நிறுத்திக் கேட்டார். போட்டோ எடுக்க வேண்டுமாம். காய்ந்து அதுவாக விழுகிறவரை யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் கோயிலைப் பார்த்து வேகமாக ஏறிப் போனான். திருவாசி புறப்பட்டுவிட்டது என்று மேலே சத்தம் கேட்டது.