வெயில் விழும் இருக்கை

மார்கழி வந்தாலே எனக்கு மனசு இருண்டுவிடும். கம்பத்திலிருந்து தேனிக்கு வேலைக்குப் போகும் காலைப் பேருந்தில், பெண்கள் பக்கம் சால்வைக்குள் முடங்கிக் கிடப்பேன். போன வருடம் எதிர்ப்பக்கம், ஆண்கள் இருக்கையில், என் வயதுப் பெண் ஒருத்தி தினமும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். மூக்குத்தி வெயிலில் மின்னும்.

“அக்கா, அது ஆம்பளைக சீட்டு” என்றார் கண்டக்டர் ஒருநாள்.

“சூரியன அந்தப் பக்கம் வரச் சொல்லுங்க தம்பி, நானும் வாறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“கண்ண மூடுங்க. வெயில் எங்கன படுது?”

“தோள்ல.”

“இப்ப?”

“காதுல… கன்னத்துல.”

திராட்சைத் தோட்டங்களின் ஈரமண் வாசம் ஜன்னல் வழியே வந்தது. இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கியது.

உத்தமபாளையத்தில் அவள் இறங்கிவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு அவள் வரவேயில்லை; நான் பெயர்கூடக் கேட்டதில்லை.

இந்த மார்கழியில் கண்டக்டர் என்னைத்தான் முறைக்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.