எடுத்துக்கொடுக்கிற ஆள்

முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் மாதா கோயிலில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழக்கமோ என்னவோ, முதல் அடியை நான் பாடினால்தான் சனம் வாய் திறக்கும். ஒரு ஞாயிறு காய்ச்சல் என்று நான் போகாமல் விட, பூசை பாட்டே இல்லாமல் முடிந்ததாம். அதை நான் செய்த குற்றம் போல வந்து சொன்னார்கள்.

கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. "வந்து நில்லுங்கோ அம்மா" என்று போனில் அழுகிறாள். பங்குச் சுவாமியிடம் கேட்டால், "நீங்கள் போனா ஆர் எடுத்துக் குடுக்கிறது?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் சபைப் பாடலை வளர்க்கும் அமைப்பொன்று எங்கள் பங்குக்கு வந்தது. சிலர் பாட மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, கோயில் முழுக்கப் பாடவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் அனுப்பிய பெண், "சனம் தானாப் பாடப் பழகினா உங்களை விட்டிடலாம் ரீச்சர்" என்றார். சுவாமியும் தலையாட்டினார். அன்றைக்கே அலுமாரியின் மேலிருந்து பயணப் பையை இறக்கினேன்.

பின்னேரங்களில் எல்லோரையும் இருத்தி ஒரே பாட்டைத் தொண்டை கட்டும்வரை பழக்கினேன்.

அந்தப் பெண் வைத்த சோதனை ஞாயிறன்று கடைசி வரிசை வாங்கில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தேன். முன்னால் யாரோ தொடங்க, கோயிலே எழுந்து பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு "கரையேற்றும்" என்ற சொல் வந்தது. "கரை" என்றதும் எல்லோரும் ஒன்றாக நின்று, மூச்சை இழுத்து, "யேற்றும்" என்றார்கள். பல்லவி திரும்ப வந்தபோதும் அப்படியே.

எனக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். அந்தச் சொல்லின் நடுவில் மூச்சு முடிந்துவிடும். நின்று இழுத்துத்தான் மிச்சத்தைப் பாடுவேன். சனம் அதையும் பாட்டு என்றே படித்திருக்கிறது.

பூசை முடிய அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் உங்களைத்தான் பாடுகினம் ரீச்சர். நான் சொன்னாக் கேக்கமாட்டினம். அந்த ஒரு இடத்தைத் திருத்திக் குடுத்திட்டுப் போங்கோ."

"ஓம்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் பொறு என்று மகளிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் எல்லோரையும் இருத்தினேன். "சொல்லை உடைக்கக் கூடாது. ஒரே மூச்சில பாடவேணும். என்னைப் பாருங்கோ" என்று தொடங்கினேன். "கரை" வரைக்கும் வந்தேன். மூச்சு முடிந்தது. நின்றேன். எனக்கு முன்னால் கோயில் முழுவதும் மரியாதையாக என்னோடு நின்றது.