தண்ணிக்குக் கழிச்சது

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று றொசல்லைத் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் கொழுந்து மடுவக் கொட்டகைக்குள் போய் நின்றேன். பெண்கள் வரிசையாக நிற்க, கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கரண்டுத் தராசு, எண் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் நிறுக்கிறவர் பழைய பல்லவியைத்தான் பாடினார்: "ஈரக் கொழுந்து. தண்ணிக்குக் கழிக்கணும்."

அந்த ஈரக் கொழுந்து வாசனைக்கு எனக்கு அம்மாவின் கோபம்தான் ஞாபகம் வரும். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சத்தம் போடுவாள்: "மழை பேஞ்சா அது நாங்க செஞ்ச குத்தமாங்க?" எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தனை ஆத்திரம் தீர வைய வேண்டுமென்றால், "தண்ணிக்குக் கழிக்கிறவனே" என்பார்கள். அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. எனக்கென்றே செய்துவைத்தது போலிருக்கிறது, போங்கள்.

வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் மீட்டர் பார்க்கிற வேலை எனக்கு. பக்கத்து லயத்துச் செல்வம் என் கூட்டாளி. அவனையும் நான்தான் அங்கே கூப்பிட்டுக்கொண்டேன். ஒரு கிழட்டுக் கிணறு அவன் பொறுப்பு. கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டுமா வரும்? தண்ணீரும் வாயுவும் கலந்துதான் வரும். வெறும் வாயு போனாலும் மீட்டர் மாய்ந்து மாய்ந்து சுற்றும். அதைவிட வேடிக்கை, மாதிரி எடுக்கிற முனை குழாயின் மேல்பக்கம் இருந்தது. தண்ணீர் அடியில் ஓட, எண்ணெய் மேலே மிதக்கும். மேலே பிடித்தால் எல்லாம் எண்ணெய்தானே!

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. முதலில் வாயுவைப் பிரிப்போம், மிச்சத்தை நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் மாதிரி எடுப்போம் என்றேன். செய்தார்கள். பெரிய துரை தோளில் தட்டினார். எங்களுக்கு எந்த நாட்டு அதிகாரியும் துரைதான்.

போத்தலைத் தெளியவைத்துப் பார்த்தால் முக்கால்வாசி தண்ணீர். செல்வம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், எண்ணெயில தண்ணி வந்தா அது நான் ஊத்துனதாடா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "கடைசில நீயும் தண்ணிக்குக் கழிச்சிட்டியேடா." நானும் சிரித்துத் தொலைத்தேன். இவ்வளவு தண்ணீருக்காக ஓட்டுவது வீண் என்று கிணற்றை மூடினார்கள். அவனை ஊருக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதவி உயர்வு.

அளவு சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரியென்றுதான் சொல்வேன். ஆனால் அவன் முகம் ஞாபகம் வந்தால் சோறு இறங்குவதில்லை, என்ன செய்ய?

மடுவத்தில் அடுத்த கூடையை இறக்கியவள் செல்வத்தின் மனைவி. அவன் வெளிநாட்டில் இருந்த காலத்தில் கொழுந்துக்குப் போவதையே விட்டிருந்தவள். அவளுக்கும் தண்ணிக்குக் கழித்தார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். அவளே என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, அவரு வீட்டுலதான் இருக்காரு, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

போனேன். செல்வம் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க சேர், உக்காருங்க." துரைகளைக் கூப்பிடுகிற அதே "சேர்".

என்னை வாய் நிறைய "டேய்" என்று கூப்பிட இந்த மலையில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.