எழும்பாத மேடு

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு ‘அளவுக்காரி’ என்று பட்டப்பெயர். பிள்ளைகளுக்குப் பால் ஊற்றினாலும் குனிந்து, டம்ளரைக் கண் மட்டத்தில் பார்த்துத்தான் ஊற்றுவாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தத்தில் இருக்கும் சத்துகளைப் பிரித்து அளக்கும் இயந்திரம் அவள் பொறுப்பில் இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னது இவ்வளவுதான்: ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, பொடி அடைத்த மெல்லிய குழாய்க்குள் தள்ளுவார்கள். ஒவ்வொரு சத்தும் தனக்கான நேரத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு மேடு எழும்பும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் நடை தள்ளாடியது. நரம்பு டாக்டர் இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஒன்று, மருந்தில்லாத பரம்பரை நோய். மற்றது, உடம்பில் வைட்டமின் ஈ தங்காத கோளாறு. அதற்கு மாத்திரை உண்டு. பெற்றவர்கள் பிள்ளைக்குச் சத்து இருக்கவேண்டும் என்று வேண்டுவார்கள். நானோ அந்தச் சத்து இருக்கக்கூடாது என்று வேண்டினேன். கடவுளுக்கே அது விசித்திரமாக இருந்திருக்கும்.

மகளின் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்து மேடு எழும்பவில்லை என்றாள். நான் கும்பிடக் கையைத் தூக்கியதும் தடுத்துவிட்டாள். “இருங்க அண்ணி. சத்தே இல்லையா, இல்ல நான்தான் வெளிச்சத்துல வெச்சுக் கெடுத்துட்டேனான்னு பாக்கணும். நம்ம பிள்ளைங்கிறதால என் கண்ணையே நான் நம்பல.”

தன் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னாள். மகளின் ரத்தத்தில் மீந்ததையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரி பக்குவம் செய்து ஓடவிட்டாள். அத்தைக்கும் மருமகளுக்கும் ஓட்டப்பந்தயம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்தவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்னோடது மலை மாதிரி நிக்குது. அவளோடது அதே இடத்துல வெறும் தரை. ரெண்டு பேரும் உங்க சமையலத்தானே சாப்பிடுறோம்? சாப்பாட்டுல குறையில்ல, அண்ணி. அவ உடம்புலதான் தங்கல. இப்ப அழுங்க.”

அழுதேன். டாக்டரும் அதையே உறுதி செய்து மாத்திரை எழுதினார். போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது, இனிமேல் மோசமாகாது என்றார். அதுவே எங்களுக்கு வரம்.

பிறகு ஒவ்வொரு முறையும் நாத்தனாரேதான் அளந்தாள். மகளின் மேடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அது நாத்தனாருடையதைத் தாண்டிய அன்று, பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்று கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்று வீடு திரும்பும்போது மகள் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

“மெதுவா போடி,” என்றாள் அத்தை.

மகள் காதில் வாங்கவில்லை. எட்டிப் பிடிக்க நாங்கள்தான் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது.