பாலைதீவுத் தண்ணீரில் நின்ற கால்கள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் வேதப்புத்தகத்து யாத்திரைச் சங்கீதங்கள் எல்லாம் வாய்ப்பாடம். மலைமேல் இருந்த எருசலேமுக்கு ஏறிப்போன சனம் பாடிப் படித்த பாட்டுகள் அவை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். எங்கள் அல்லைப்பிட்டிக் கரையில் மலைக்கு எங்கே போவது? பனையைவிட உயரமான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. எங்களுக்கு யாத்திரை என்றால் கடல்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலத்தில், ஆள் குடியில்லாத பாலைதீவில் இருக்கும் கோயில் பெருநாளுக்கு வள்ளங்களில் பாய் விரித்துப் போவோம்.

அதற்கு ஒரு முறை உண்டு. கோயில் கண்ணில் பட்டதும் பாயை இறக்கி, ஆண்டவர் வீட்டுக்குப் போகிறோம், எருசலேம் வாசலில் எங்கள் கால்கள் நிற்கின்றன என்று மகிழும் சங்கீதத்தைத் தொடங்க வேண்டும். வள்ளம் கரை தட்டாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். கடைசி ஆள் கரையில் கால் வைக்கும்வரை பாட்டை நிறுத்தக்கூடாது. பாட்டு முடிந்தால் திரும்ப முதலில் இருந்து.

அறுபதுகளில் ஒரு வருடம் என் மனுசனுக்குக் காய்ச்சல் வந்து கால் இரண்டும் சோர்ந்துபோயின. நிமிர்த்தி விட்டால் துணிபோலச் சரிந்துவிடுவார். தபசுகாலம் வந்தது. அவருடைய தமக்கை வந்து சொன்னா:

"தம்பி, நீ வீட்டில இருந்து செபமாலை சொல்லு. கடவுளுக்குத் தெரியும்தானே."

"கடவுளுக்குத் தெரியும், மச்சாள். உங்களுக்குத்தான் இவரைத் தெரியேல்லை" என்றேன் நான்.

கதிரையில் இருத்தி அப்படியே வள்ளத்தில் ஏற்றுவது, அங்கே நாலு பேர் தூக்கிக் கரை சேர்ப்பது என்று பேச்சு. அவர் வள்ளத்தில் ஏறினார். தூக்குவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

"இஞ்சேர், கால் வாசலில நிக்குது எண்டு படிக்கிற பாட்டு. கதிரையில இருந்துகொண்டு அதை எந்த வாயால படிக்கிறது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பாலைதீவுக் கோயில் தெரிந்தது. பாய் இறங்கியது. சங்கீதம் எழும்பியது. சனம் இறங்கி நடந்தது. நான் முதலில் குதித்து, அவரைத் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். அவர் நின்றார்! தரையில் தாங்காத உடம்பைக் கடல் தாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தார், பிறகு இன்னொன்று. மற்றவர்கள் கரை ஏறிவிட்டார்கள். பாட்டு முடிந்தது, திரும்பத் தொடங்கினார்கள். தண்ணீர் தொடைக்கு இறங்க இறங்க, அவருடைய பாரம் முழுக்க என் தோளுக்கு வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், பாட மூச்சில்லை. அவர்தான் படித்துக்கொண்டு வந்தார்.

கரையிலிருந்து பக்கத்து வள்ளக்காரர் கத்தினார்: "அண்ணை, கெதியா வாங்கோ! எங்கட தொண்டை வறண்டு போச்சு!"

"ஏலாட்டி வாயை மூடு. நான் தனியப் படிப்பன்!" என்றார் இவர்.

ஒருவரும் வாயை மூடவில்லை. அந்தச் சங்கீதத்தை அவ்வளவு நேரம் எந்தப் பெருநாளிலும் படித்திருக்க மாட்டார்கள். முழங்கால் தண்ணீரில் அவர் கால்கள் மடிந்தன. தூக்க ஓடி வந்தவர்களைக் கையால் மறித்தார். கணுக்கால் தண்ணீரையும் தாண்டித் தவழ்ந்தார். அங்கே என் இடுப்பைக் கட்டிப் பிடித்து எழும்பி, ஈர மணலில் இரண்டு பாதத்தையும் ஊன்றினார். ஒரு மூச்சு நேரம்தான். நின்றார். பாட்டும் அங்கே நின்றது.

"இப்ப கொண்டு வாங்கோ கதிரையை" என்றார், ஏதோ வேலைக்காரருக்குக் கட்டளையிடுவதுபோல.

எருசலேமின் சீயோன் மலையை நான் இந்தக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனால் அங்கே ஏறிய சனத்தின் கால் எப்படி வலித்திருக்கும் என்று என் தோளுக்குத் தெரியும்.

பூசை தொடங்கியபோது ஒருவருக்கும் குரல் இல்லை. மச்சாள் வாயைத் திறந்தா, காற்றுத்தான் வந்தது. சுவாமியார் திரும்பிப் பார்த்தார். வழியில் பாடாமல் வந்தவள் நான் ஒருத்திதானே. கதிரைக்குப் பக்கத்தில் ஈரச் சேலையோடு நின்று, அன்றைய பூசைப் பாட்டு முழுவதையும் நான் தனியாகப் படித்தேன்.